கணக்கெழுதும் கைப்பழக்கம்: பிரிட்டனின் தொழிற்கணக்கியல் தேர்வுகளுக்குத் தயாராகும் முறை

பிரிட்டனில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இன்வாய்ஸ்களைப் பதிவது, வங்கி அறிக்கையை ரொக்க ஏட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, மதிப்புக் கூட்டு வரிக்கான படிவத்தைத் தயாரிப்பது, மாத இறுதியில் இலாப நட்டத்தைக் கணித்து மேலாளரிடம் கொடுப்பது ஆகிய அன்றாட வேலைகளைச் செய்வோருக்குத் தகுதிச் சான்று வழங்கும் அமைப்புகளுள் முதன்மையானது கணக்கியல் தொழில்நுட்பர் சங்கம், ஏ.ஏ.டி. என்ற சுருக்கப் பெயராலேயே அது பரவலாக அறியப்படுகிறது. அச்சங்கம் நடத்தும் தேர்வுகளில் ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 70 மதிப்பெண் பெற்றால்தான் தேர்ச்சி. பள்ளியிலும் கல்லூரியிலும் 35, 40 என்ற எல்லைகளுக்குப் பழகிய மாணவருக்கு இந்த எண் அச்சமூட்டுவது இயல்பே. ஆயினும் அதற்குப் பின்னால் உள்ள காரணத்தைப் புரிந்துகொள்ளும் மாணவர், தேர்வுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதையும் பெருமளவு புரிந்துகொண்டு விடுகிறார்.

வரலாற்றுத் தாளில் பாதி விடை சரியாக இருந்தால் அந்தப் பாதிக்கு மதிப்பு உண்டு; பாதி சரியான பேரேட்டை வைத்துக்கொண்டு அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியையோ, பொருள் அனுப்பியவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையையோ கணக்கிட முடியாது. ஒரு பதிவு தவறினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகை, அதைச் சார்ந்த அறிக்கை, அதை நம்பி எடுக்கப்படும் முடிவு என எல்லாமே தவறுகின்றன. எனவே தொழிற்கல்வி சார்ந்த கணக்கியல் தேர்வு, மாணவர் பாடத்தை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதைவிட, நாளைக் காலை அவரை ஓர் அலுவலக நாற்காலியில் அமர்த்தினால் வேலை சரியாக நடக்குமா என்பதையே சோதிக்கிறது. நினைவாற்றலை நம்பித் தயாராகும் மாணவர், பாடம் முழுவதும் தெரிந்திருந்தும் 60-க்கும் 70-க்கும் இடையில் நின்றுவிடுவது இதனால்தான்.

ஏ.ஏ.டி. 1980-இல், அதற்கு முன் தனித்தனியே இயங்கிய இரண்டு கணக்கு ஊழியர் அமைப்புகளின் இணைப்பால் உருவானது. 1980-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் தேசியத் தொழில் தகுதி முறை அறிமுகமானபோது, பணியிடத்தில் ஒருவர் செய்து காட்டும் திறனே சான்றிதழுக்கு அடிப்படை என்ற கொள்கை கணக்கியல் கல்விக்குள்ளும் வந்தது. அலுவலகத்தில் தாம் தயாரித்த ஆவணங்களைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்று தேர்வுகள் அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் கணினி வழியே நடக்கின்றன. வடிவம் மாறியிருந்தாலும் பழைய கொள்கை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வினாவும் ஒரு நிறுவனத்தின் மேசைக்கு வரும் வேலையாகவே அமைக்கப்படுகிறது.

2022-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி, கணக்கியல் தகுதி இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை என மூன்று படிகளாக உள்ளது. இரண்டாம் நிலையில் கணக்குப் பதிவியல் அறிமுகம், பதிவுகளைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டு முறைகள், அடக்கவிலைக் கணக்கியலின் அடிப்படைகள், வணிகச் சூழல் ஆகிய நான்கு தாள்கள் உண்டு. மூன்றாம் நிலையில் தனி வணிகர், கூட்டாண்மை ஆகியவற்றின் இறுதிக் கணக்குகளும், மேலாண்மைக் கணக்கியல் உத்திகளும், வணிக வரி நடைமுறைகளும் சேர்கின்றன. நான்காம் நிலையில் நிறும நிதிநிலை அறிக்கைகளைத் தயாரித்து விளக்குவதும், உள்கட்டுப்பாட்டு முறைகளை மதிப்பிடுவதும் கட்டாயம். வணிக வரி, தனிநபர் வரி, தணிக்கை, ரொக்க மேலாண்மை, கடன் மேலாண்மை ஆகியவற்றுள் இரண்டை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். இதே பெயருடைய சங்கம் ஒன்று இலங்கையில் 1987 முதல் இயங்குகிறது என்பதும், அதன் தேர்வுகளைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதலாம் என்பதும் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி. அதன் பாடத்திட்டமும் விதிகளும் வேறு; கணக்கெழுதும் அடிப்படையும் அதில் மாணவர் தடுமாறும் இடங்களும் பெரிதும் ஒன்றே.

தயாரிப்பின் அடித்தளம் இரட்டைப் பதிவு முறை. 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பாசியோலியின் கணித நூலில் விளக்கப்பட்ட இம்முறைப்படி, ஒவ்வொரு நடவடிக்கையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொரு கணக்கில் அதே தொகைக்கு வரவாகவும் எழுதப்படுகிறது. சொத்தும் செலவும் கூடும்போது பற்று; கடனும் முதலும் வருமானமும் கூடும்போது வரவு. இந்த விதியை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் 600 பவுண்டு மதிப்புள்ள சரக்கை, அதன் மேல் 20 விழுக்காடு வரியாகிய 120 பவுண்டுடன் சேர்த்துக் கடனுக்கு வாங்கிய இன்வாய்ஸ் ஒன்றைக் கண்டவுடன், கொள்முதல் கணக்கில் 600 பற்று, வரிக் கணக்கில் 120 பற்று, கடனீந்தோர் கட்டுப்பாட்டுக் கணக்கில் 720 வரவு என்று தயங்காமல் எழுதுவதற்குப் பல வாரப் பழக்கம் வேண்டும். வரியாகக் கொடுத்த 120 பவுண்டு ஏன் செலவில் சேராமல் தனியே பற்று வைக்கப்படுகிறது என்று கேட்டால், பதிவு பெற்ற வணிகர் அத்தொகையை அரசிடமிருந்து திரும்பப் பெறலாம் என்பதால் அது அவருக்கு வரவேண்டிய பணம் என்று மாணவர் காரணம் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். காரணம் தெரியாமல் பதிந்தவர், வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பும் வினாவில் தடுமாறிவிடுவார்.

இவ்விடத்தில், பகலில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிப்போருக்கு ஓர் எதிர்பாராத இடர் உண்டு. சேஜ், ஜீரோ, குவிக்புக்ஸ் போன்ற மென்பொருள்களில் இன்வாய்ஸின் விவரங்களை நிரப்பிச் சேமித்தால் போதும். பற்றும் வரவும் திரைக்குப் பின்னால் தாமே பதிவாகிவிடும். ஆகவே ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள ஊழியரும்கூட, ஒரு பதிவின் இரண்டு பக்கங்களையும் தம் கையால் எழுதாதவராக இருக்கக்கூடும். தேர்வு கேட்பதோ அந்த மறைந்த இரண்டு பக்கங்களைத்தான். இத்தகையோர் அலுவலகத்தில் அன்றாடம் தாம் சேமிக்கும் நடவடிக்கைகளுள் சிலவற்றை மாலையில் ஒரு தாளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கோடிட்டு எழுதிப் பார்ப்பது, எந்தப் பயிற்சி நூலையும்விட விரைவாகப் பலன் தரும்.

கட்டுப்பாட்டு முறைகள் பற்றிய தாளில் மாணவரின் உண்மையான பிடிப்பு வெளிப்படுகிறது. எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் பற்று, வரவு என இரு பத்திகளில் தொகுக்கும் பட்டியலுக்கு இருப்பாய்வு என்று பெயர். ஒரு நிறுவனத்தின் இருப்பாய்வில் பற்றுப் பத்தி 84,380 பவுண்டாகவும் வரவுப் பத்தி 84,650 பவுண்டாகவும் இருப்பதாகக் கொள்ளலாம். வேறுபாடு 270 பவுண்டு. பிழை கண்டுபிடிக்கப்படும் வரை அத்தொகையை அனாமத்துக் கணக்கு என்னும் தற்காலிகக் கணக்கில் பற்று வைத்து இரு பத்திகளையும் சமன்செய்வர். பழகிய கணக்கர் உடனே 270-ஐ 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியின்றி வகுபடுவதால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வேறுபாடு எப்போதும் 9-இன் மடங்காகவே இருக்கும். தேடிப் பார்க்கையில், வங்கியிலிருந்து சரியாக 630 பவுண்டு கழிக்கப்பட்ட மின்கட்டணம், செலவுக் கணக்கில் 360 என்று பதியப்பட்டிருப்பது தெரிகிறது. திருத்தம் எளிது: மின்கட்டணக் கணக்கில் 270 பற்று, அனாமத்துக் கணக்கில் 270 வரவு. வேறுபாடு 9-ஆல் வகுபடாவிட்டால் அதைப் பாதியாக்கிப் பார்ப்பது அடுத்த வழி. 400 பவுண்டு வாடகை வருமானத்தை வரவு வைக்க வேண்டிய இடத்தில் ஒருவர் பற்று வைத்திருந்தால் வேறுபாடு 800 ஆகும். இந்தத் தேடலைச் சில முறை தம் கையால் செய்து பார்த்த மாணவருக்குத் தேர்வில் வரும் திருத்தப் பதிவுகள் புதிராகத் தோன்றுவதில்லை.

இருப்பாய்வு சமமாக இருப்பதாலேயே கணக்கு சரியாக இருப்பதாகக் கொள்ள முடியாது என்பதையும் தேர்வு விடாமல் சோதிக்கிறது. ஒரு நடவடிக்கையை அடியோடு பதியாமல் விட்டால் இரு பக்கமும் ஒரே அளவில் குறைவதால் பட்டியல் சமமாகவே நிற்கும். இது விடு பிழை. 9,000 பவுண்டுக்கு வாங்கிய வண்டியைச் சொத்தாகக் காட்டாமல் வண்டிப் பழுதுச் செலவில் எழுதினாலும் பட்டியல் சமமாகும், ஆனால் அந்த ஆண்டின் செலவு கூடி இலாபம் குறைந்து தோன்றும். இது கணக்கியல் விதியை மீறுவதால் விதிப் பிழை. ஒரு பக்கத்துத் தவற்றை மறுபக்கத்துத் தவறு மறைத்துவிடுவது ஈடுசெய் பிழை. பெயர்களை ஒப்பிப்பதால் பயனில்லை. ஒவ்வொரு பிழையும் இலாபத்தை எப்பக்கம் நகர்த்தும் என்று எழுதிப் பார்க்கும்போதுதான் பாடம் உள்ளே இறங்குகிறது.

தேர்வர்கள் மதிப்பெண்ணை மிகுதியாக இழக்கும் இடங்களுள் ஒன்று, வியப்பூட்டும் வகையில், சதவீதக் கணக்கு. வரி உட்பட 480 பவுண்டு என்று ஒரு ரசீது சொல்லும்போது, அதிலுள்ள வரியைக் காண 480-இல் 20 விழுக்காட்டைக் கணக்கிட்டு 96 என்று விடை எழுதுவோர் பலர். வரி விதிக்கப்படுவது வரிக்கு முந்தைய விலையின் மேல். அந்த விலை 100 என்றால் ரசீதுத் தொகை 120. ஆகவே ரசீதுத் தொகையில் ஆறில் ஒரு பங்கே வரி. சரியான விடை 80, வரிக்கு முந்தைய விலை 400. இதே தவறு மூன்றாம் நிலையில் வேறு உருவில் திரும்ப வருகிறது. முழுமையற்ற பதிவேடுகளிலிருந்து கணக்கைக் கட்டியெழுப்பும் வினாவில், விற்பனை 50,000 பவுண்டு என்றும், அடக்கவிலையின் மேல் 25 விழுக்காடு இலாபம் வைத்து விற்கப்படுகிறது என்றும் தகவல் தரப்பட்டால், விற்றவற்றின் அடக்கம் 40,000 பவுண்டு. 50,000-இல் 25 விழுக்காட்டைக் கழித்து 37,500 என்று எழுதியவர், அடக்கத்தின் மேல் வைத்த இலாபத்தை விற்பனையின் மேல் வைத்ததாகக் கொண்டுவிட்டார். இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: விழுக்காடு எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று கேட்காமல் எண்ணைக் கையாளத் தொடங்குவது. சதவீதக் குறியைக் கண்டவுடன், எது 100 என்பதை முதலில் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் ஒன்றே இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கும்.

ஆண்டிறுதிச் சரிக்கட்டல்களில் இவ்வாறே தேதிகளைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் 1-இல் ஓராண்டுக் காப்பீட்டுக்காக 1,200 பவுண்டு செலுத்திய வணிகரின் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிந்தால், அந்த ஆண்டுக்கு உரிய செலவு மூன்று மாதங்களுக்கான 300 மட்டுமே. மீதி 900 முன்கூட்டிச் செலுத்திய செலவாக இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் நிற்கும். கணக்கு எளிதுதான், மாதங்களை விரல்விட்டு எண்ணாமல் அவசரப்படுவோரே 900-ஐச் செலவாக எழுதுகின்றனர். வங்கி அறிக்கையில் வரவு என்று காணப்படும் தொகை வணிகரின் ஏட்டில் பற்றாக இருக்கும் என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுவதுண்டு. வங்கி தன் கணக்கை எழுதுகிறது, வணிகர் தம் கணக்கை எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கணினித் தேர்வுக்கு அதற்கே உரிய ஒழுங்கு ஒன்று உண்டு. எண்ணை நிரப்ப வேண்டிய கட்டங்கள், கீழிறங்கும் பட்டியலிலிருந்து சொல்லைத் தேர்வது, பொருத்தமானதை இழுத்து வைப்பது என வினாக்கள் பல வடிவில் வரும். குறையைக் காட்டும் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இடச் சொல்கிறார்களா, பென்ஸ் அளவில் வேண்டுமா, முழுப் பவுண்டாக்க வேண்டுமா என்பனவற்றை வினாவிலேயே தெளிவாகச் சொல்லியிருப்பார்கள்; விடை தெரிந்தும் இந்தக் குறிப்பைப் படிக்காமல் மதிப்பெண் இழப்பது மிக வருந்தத்தக்கது. பெரும்பாலான தாள்களுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் தரப்படுகிறது. சங்கத்தின் இணையதளத்தில் உள்ள மாதிரித் தேர்வுகள் உண்மைத் தேர்வின் திரையமைப்பையே கொண்டிருப்பதால், அச்சிட்ட நூலில் மட்டும் பயிற்சி செய்தவர் தேர்வுக்கு முன் சில முறையாவது அத்திரையில் முழு நேரம் அமர்ந்து எழுதிப் பார்ப்பது இன்றியமையாதது.

மேல்நிலைகளில் எழுத்து விடைகளின் பங்கு கூடுகிறது. கணக்கை மட்டுமே விரும்பி இத்துறைக்கு வந்தவர்கள் அங்கே தயங்குகிறார்கள். மேலாண்மைக் கணக்கியலில், திட்டமிட்ட செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பகுத்தறிவது முக்கியப் பகுதி. மூலப்பொருளை எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியதால் விலையில் சாதகமான வேறுபாடும், எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் செலவழித்ததால் பயன்பாட்டில் பாதகமான வேறுபாடும் ஒரு நிறுவனத்தில் ஒருசேரத் தோன்றினால், இரண்டு எண்களையும் சரியாகக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. மலிவான பொருள் தரம் குறைந்து, கழிவு கூடியிருக்கலாம் என்று இரண்டையும் இணைத்து, கொள்முதல் மேலாளருக்குப் புரியும் மொழியில் எழுதினால்தான் முழு மதிப்பெண். தரப்பட்ட நிறுவனத்தின் பெயரையோ எண்ணையோ ஒருமுறைகூடக் குறிப்பிடாமல் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுச் செய்திகளை அடுக்கிய விடை, எவ்வளவு நீளமாக இருந்தாலும் மதிப்பெண் பெறாது. குறிப்பிடு என்றால் பெயரைச் சொன்னால் போதும். விளக்கு என்றால் காரணம் வேண்டும். மதிப்பிடு என்றால் இரு பக்கமும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். இவ்வகை விடைகளை மனிதர்களே திருத்துவதால், முடிவு வெளிவரச் சில வாரங்கள் ஆகின்றன.

தொழிலறம் பற்றிய வினாக்களும் இத்தகையனவே. நேர்மை, நடுநிலை, தொழில்திறனும் உரிய கவனமும், இரகசியம் காத்தல், தொழிற்கண்ணியம் ஆகிய ஐந்து கொள்கைகளைக் கணக்காளர்கள் உலகெங்கும் பொது விதியாக ஏற்றிருக்கின்றனர். இலாபத்தைக் கூட்டிக் காட்டினால்தான் வங்கிக் கடன் கிடைக்கும் என்று மேலாளர் வற்புறுத்தும் சூழலை வினா விவரித்தால், எந்தக் கொள்கை மீறப்படுகிறது, எந்த அச்சுறுத்தலால் நடுநிலை குலைகிறது, ஊழியர் முதலில் யாரிடம் பேச வேண்டும், பேசியதை எப்படிக் குறித்து வைக்க வேண்டும் என்று படிப்படியாக எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் உண்மையிலேயே எதிர்கொள்ளும் நெருக்கடி இது என்பதால், பாடத்திட்டத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே என்று சொன்னாலும் மிகையாகாது.

வரித் தாள்களுக்குத் தயாராவோர் எந்த ஆண்டின் நிதிச் சட்டம் தம் தேர்வுக்குப் பொருந்தும் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மதிப்புக் கூட்டு வரிக்குக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டிய விற்றுமுதல் எல்லை 2024 ஏப்ரல் 1 முதல் 85,000 பவுண்டிலிருந்து 90,000 பவுண்டாக உயர்ந்தது. பழைய நூலை மலிவாக வாங்கிப் படித்தவர் பழைய எண்ணையே விடையாக எழுதும் இடர் இதில் இருக்கிறது. வரித் தாள்களில் விகிதங்களும் எல்லைகளும் அடங்கிய குறிப்புத் தொகுப்பு தேர்வுத் திரையிலேயே தரப்படுகிறது. அதை மனப்பாடம் செய்வதில் நேரத்தைச் செலவிடாமல், எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பழகி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கால ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, வார இறுதியில் ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் படிப்பதைவிட நாள்தோறும் முக்கால் மணி நேரம் கணக்கு எழுதுவது நல்லது. முன்பு முடித்த பாடத்திலிருந்து சில பதிவுகளை இடைவெளி விட்டு மீண்டும் எழுதுவது அதனினும் நல்லது. பாடத்திட்ட ஆவணத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை விழுக்காடு மதிப்பெண் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. தமக்குப் பிடித்த பகுதியையே திரும்பத் திரும்பச் செய்து தேர்ந்துவிட்டதாக எண்ணுவது பரவலான மயக்கம் என்பதால், அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டே வாரத் திட்டத்தை வகுக்க வேண்டும். மாதிரித் தேர்வைத் தயாரிப்பின் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பதும் பிழை. பாடம் பாதி முடிந்த நிலையில் எழுதும் முதல் மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைவாக வந்தாலும், எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை அது திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே காட்டிவிடுகிறது.

மாதிரித் தேர்வு முடிந்தபின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவோர், அதே தவற்றை அடுத்ததிலும் செய்கின்றனர். ஒவ்வொரு தவறான விடைக்கும், விதியே தெரியாததால் நேர்ந்ததா, தெரிந்தும் வினாவைச் சரியாகப் படிக்காததால் நேர்ந்ததா, கூட்டல் கழித்தலில் சறுக்கியதா என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், சில வாரங்களில் அவரவர் பலவீனம் தெளிவாகத் தெரியும். முதல் வகைக்குப் பாடநூலைத் திறக்க வேண்டும். இரண்டாம் வகைக்குப் பாடநூல் உதவாது, வினாவை இருமுறை படித்து முக்கியச் சொல்லைக் கோடிடும் பழக்கமே மருந்து. 65 மதிப்பெண்ணில் நின்று மீண்டும் எழுதப் போகும் மாணவர் புது நூல் வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அவர் செய்ய வேண்டியது, முடிவோடு பகுதிவாரியாகத் தரப்படும் மதிப்பீட்டையும் தம் நோட்டையும் அருகருகே வைத்து, குறைந்த இரண்டு பகுதிகளில் மட்டும் புதிய வினாக்களைத் தேடி எழுதுவது. தேவையான ஐந்து மதிப்பெண் பெரும்பாலும் அந்த இரண்டு பகுதிகளுக்குள்ளேயே இருக்கிறது. நான்காம் நிலையையும் இவ்வாறு கடந்து முடித்தவருக்கு, ஏ.சி.சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் தகுதியின் முதல் மூன்று தாள்களிலிருந்து விலக்குக் கிடைக்கிறது; அங்கே அவர் நேராக நான்காவது தாளிலிருந்து தொடங்கலாம்.